கண்டகாலிப் பூவும் கண்ணன் திருவடியும்

நந்தவனக் கைங்கர்யம் என்றவுடன் ஸ்ரீவைஷ்ணவர்களின் நெஞ்சில் முதலில் நிற்பது ஸ்ரீவில்லிபுத்தூர். வடபத்ரசாயி ஸந்நிதிக்கும் ஆண்டாள் ஸந்நிதிக்கும் நடுவே அமைந்த திருநந்தவனத்தில், திருத்துழாய்ச் செடியின் அடியில், பெரியாழ்வார் ஒரு பெண் மகவைக் கண்டெடுத்த நாள் ஆடி மாதத்துப் பூரம். ஆண்டுதோறும் அந்நாளில் திருத்தேர் சேவிக்க வரும் அடியார்கள் நந்தவனத்தின் முன்னும் சற்று நின்று கைகூப்பிப் போகிறார்கள். ஊர் திரும்பியதும் வீட்டுக் கொல்லையில் ஒரு துளசி மாடம் கட்டவேண்டும், நாலு மல்லிகைப் பதியனாவது வைக்கவேண்டும் என்று அவர்களில் பலர் உறுதி பூணுவதும் உண்டு. மிகவும் நல்லதே. ஆனால் பதியன் வைப்பதற்கு முன்னால் கொல்லையைத் துப்புரவு செய்கிறோம் என்று மண்வெட்டியைக் கையில் எடுக்கிறார்களே, அந்த இடத்தில்தான் சற்று நிதானிக்க வேண்டியிருக்கிறது.

அந்த மண்வெட்டியில் அகப்படுவன எவை? தும்பை, விஷ்ணுகிராந்தி, கரிசலாங்கண்ணி, பூவாங்குறுந்தல், முடக்கத்தான், வேலியில் ஏறிய கருவிளை, அதனோடு பின்னிய கோவைக்கொடி, தரையோடு தரையாய்ப் படர்ந்த கண்டங்கத்தரி. ஒருவரும் விதைக்காமல், ஒருவரும் நீர் வாராமல், மழை பெய்ததொன்றே காரணமாக முளைத்துப் பூத்தவை இவை. ஒரு நாழிகைப் பொழுதில் இவையெல்லாம் வேரோடு பெயர்ந்து குப்பைமேட்டுக்குப் போகின்றன. கேட்டால், “களைதானே!” என்பார்கள்.

களை என்பது எந்தச் செடிக்கும் பிறவிப் பெயரன்று. வேண்டாத இடத்தில் முளைத்தது களை, அவ்வளவே. நெல் வயலில் முளைத்த தாமரையும் உழவனுக்குக் களைதான். கம்பநாட்டாழ்வார் கோசல நாட்டு வயல்களைப் பாட வந்தவிடத்து, அங்கே களையென்று இருப்பவை மகளிரின் கண்ணையும் முகத்தையும் வாயையும் ஒத்த மலர்களே என்றும், அவற்றைப் பறிக்க மனம் வராமல் மள்ளர்கள் வயலில் உலாவி நின்றார்கள் என்றும் கூறுகிறார். தமிழிலே இச்சொல்லுக்கு வேறொரு வியப்பும் உண்டு. முகத்தில் தோன்றும் தெய்விக ஒளிக்கும் களை என்றே பெயர். புகலிடமாய் நின்று துன்பத்தைப் போக்குபவனைக் களைகண் என்று ஆழ்வார்கள் அழைக்கிறார்கள். சொற்பிறப்பு வேறுவேறாக இருக்கலாம். இருந்தாலும், பிடுங்கி எறியப்படுவதும் பற்றி நிற்கப்படுவதும் ஒரே ஒலியில் வந்து அமைந்திருப்பதைக் கேட்கிற செவி கேட்டுக்கொள்ளட்டும்.

விஷயத்துக்கு வருவோம். இப்படி முளைத்த பூ எம்பெருமானுக்கு ஆகுமா, ஆகாதா? இந்தக் கேள்வி இன்று புதிதாக எழுந்ததன்று. திருவரங்கத்தில் பராசர பட்டர் எழுந்தருளியிருந்த காலத்திலேயே, அவருடைய காலக்ஷேப கோஷ்டியில் இது எழுந்தது, விடையும் கிடைத்தது. அந்த ஐதிஹ்யத்தை ஈட்டு வியாக்கியானம் பாதுகாத்து வைத்திருக்கிறது.

திருவாய்மொழி முதற்பத்தில் ஆறாம் திருவாய்மொழி, எம்பெருமான் ஆராதிக்க எளியவன் என்பதைச் சொல்ல வந்தது. பெரியவர்களை உபசரிப்பது அரிது. என்ன குறை கண்டுவிடுவார்களோ என்று அஞ்சவேண்டும். திருமகள்கேள்வனோ குறையொன்றும் இல்லாதவன். ஆகையால் அவனுக்கு நாம் இட்டு நிரப்பவேண்டிய இடம் ஒன்றும் இல்லை. அன்போடு இட்டது எதுவானாலும் கொள்வான். அதனால் நம்மாழ்வார் முதற் பாட்டில், நல்ல நீரைத் தூவி, புகையும் பூவும் கொண்டு அவனை வணங்கலாம் என்ற அளவோடு நிறுத்துகிறார். இன்ன புகை, இன்ன பூ என்று விதந்து கூறவில்லை.

இவ்விடத்தில் பட்டர் ஒரு நயம் அருளிச்செய்தார். அகிற்புகை என்று ஆழ்வார் சொல்லாமையாலே, ஏதோ ஒரு செத்தையைக் கொளுத்தி எழுப்பிய புகையும் போதும். கருமுகைப் பூ என்று சொல்லாமையாலே, கண்டகாலிப் பூவும் போதும் என்பது அவருடைய திருவுள்ளம். கண்டகாலி என்பது கண்டங்கத்தரி. கேட்டிருந்தவர் நஞ்சீயர். அவர் எளிதில் விட்டுவிடுகிறவர் அல்லர். மேலைநாட்டிலே பெரிய வேதாந்தியாய் வாழ்ந்து, பட்டரோடு வாதிட்டுத் தோற்று, அவர் திருவடிகளையே தஞ்சமாகப் பற்றித் திருவரங்கம் வந்து சேர்ந்தவர். திருவாய்மொழிக்கு ஒன்பதினாயிரப்படி வியாக்கியானம் அருளியவர். சாஸ்திரம் அறிந்தவராகையாலே உடனே கேட்டார்: கண்டகாலிப் பூவை பகவானுக்கு இடலாகாதென்று சாஸ்திரத்தில் விலக்கு இருக்கிறதே, அது ஆகும் என்று தேவரீர் அருளிச்செய்வது எப்படி?

நியாயமான கேள்வி. கேள்வி இல்லையென்றால் இந்த விடை நமக்குக் கிடைத்திராது. பட்டர் அந்த விலக்கை மறுக்கவில்லை. சாஸ்திரம் தவறு என்றும் சொல்லவில்லை. விலக்கு உண்மைதான், ஆனால் அப்பூ அவனுக்கு ஆகாது என்பதனால் விலக்கியதன்று. அதைப் பறிக்கப் போகிற அடியவனின் கையில் முள் பாயுமே என்று பார்த்து விலக்கியது, அவ்வளவே என்றார்.

இந்த விடையை ஊன்றிப் பார்க்கவேண்டும். பூவில் குற்றம் இல்லை. பெறுகிறவன் திருவுள்ளத்தில் வெறுப்பு இல்லை. இரண்டுக்கும் நடுவே இருக்கிற அடியவனின் விரல் நோகுமே என்ற ஒரு கவலை. அதுவும் அவனுடைய கவலையே. தன் திருவடிக்கு வரவேண்டிய ஒரு பூவை, வேலைக்காரனின் கையில் ஒரு துளி இரத்தம் வரக்கூடாது என்பதற்காக, தானே வேண்டாம் என்று மறுத்துவிட்டான் ஸ்வாமி. உலகத்தில் எந்த எஜமானன் இப்படிச் சட்டம் செய்வான்? “ஆகாது” என்ற கடுமையான சொல்லின் உள்ளே இருந்தது தாயின் பரிவு. இதை அறியாமல், விலக்கப்பட்டது என்ற ஒன்றையே கொண்டு அந்தச் செடியை இழிவென்று நினைத்தவர்கள் எத்தனை தலைமுறை!

கண்டங்கத்தரியைக் கொல்லையில் பார்த்திராதவர் நாட்டுப்புறத்தில் இரார். தண்டில் முள், இலையின் நரம்பில் முள், புல்லிவட்டத்தில் முள். அத்தனை முள்ளுக்கும் நடுவே கத்தரிப் பூவைப் போன்று ஊதா நிறத்தில் ஐந்து மூலையாக விரிந்து, நடுவில் மஞ்சள் மகரந்தத்தோடு ஒரு பூ. பிறகு பச்சை வரியோடிய சிறு காய், பழுத்தால் மஞ்சள். இருமலுக்கும் இரைப்புக்கும் இதன் வேரையும் சமூலத்தையும் கொள்ளாத நாட்டு வைத்தியர் இல்லை. சிறுபஞ்சமூலம் என்று கீழ்க்கணக்கில் ஒரு நூல் இருக்கிறதே, அந்தப் பெயருக்கு உரிய ஐந்து வேர்களில் கண்டங்கத்தரி ஒன்று, நெருஞ்சி ஒன்று. வீட்டுக் கொல்லையில் முள்ளென்று வெட்டப்படும் இரண்டு செடிகள் ஒரு நீதி நூலின் பெயருக்குள்ளே வேர்விட்டு நிற்கின்றன.

திருமங்கையாழ்வாரும் பெரிய திருமொழி பதினோராம் பத்தில் இதே நோக்கில் ஒரு பாசுரம் அருளியிருக்கிறார். திருத்துழாயைச் சொன்ன வாயாலேயே கூவிளையை, அதாவது வில்வத்தைச் சொல்கிறார். முள்ளுடைய தாமரையைச் சொல்கிறார். குளத்தில் தானே பூக்கும் ஆம்பலைச் சொல்கிறார். இவற்றை எதிரே கண்டபோது, இவை வராகமான பெருமானின் பொன்னடிக்கு உரியவை என்று நினையாதவர்களுடைய உள்ளத்தை உள்ளமென்று எண்ணமாட்டோம் என்பது அதன் கருத்து. பறித்தபோது என்று கூறவில்லை, தொடுத்தபோது என்றும் கூறவில்லை. கண்டபோது என்கிறார். வழியில் ஒரு பூ கண்ணில் பட்டது. பட்டவுடன் நெஞ்சு எங்கே போகிறது என்பதே கேள்வி. முள் குத்துமே என்று கையை விலக்கிய சாஸ்திரம் நெஞ்சை விலக்கவில்லை.

கோதை நாச்சியாரின் நெஞ்சு எங்கே போயிற்று என்பதை நாச்சியார் திருமொழி காட்டும். பெரியாழ்வாரின் நந்தவனத்தில் செண்பகமும் மல்லிகையும் பாதிரியும் செங்கழுநீரும் இருந்தன. கண்ணனை அழைத்துப் பூச்சூட்டும் பதிகத்தில் அவர் ஒவ்வொன்றாகப் பாடுகிறார். அவருடைய திருமகள் வளர்ந்தது அந்தப் பூக்களுக்கு நடுவேதான். ஆயினும் பிரிவாற்றாமல் அவள் வாய்விட்டுப் பேசியபோது எதிரே நின்று கேட்டவை பாத்தியில் நட்ட செடிகள் அல்ல. திருமாலிருஞ்சோலையைப் பாடும் பதிகத்தில், குயிலையும் மயிலையும் அழைத்த கையோடு கருவிளையையும் களாங்கனியையும் பூவை மலரையும் அழைத்து, நீங்கள் ஐந்து பேரும் பெரும் பாதகர்கள் என்று சினக்கிறாள். குற்றம் என்ன? அழகர்மலைப் பெருமானின் நிறத்தை உடம்பில் பூசிக்கொண்டு அவள் கண்முன்னே நிற்கிறார்களே, அதுதான் குற்றம். கருவிளை என்பது இன்று சங்குப்பூ என்று நாம் வழங்கும் வேலிக்கொடி. களா, புதர்க்காட்டில் முள்ளோடு நிற்பது. பூவை என்பது காயா. மலையடிவாரத்தில் கிளையோடு ஒட்டி நீலமாய்ப் பூக்கும் சிறுமரம். மூன்றுமே ஒருவரும் நட்டு வளர்க்காதவை.

அடுத்த பதிகத்தில் கோடல் பூவையும் தோன்றிப் பூவையும் கூப்பிட்டு முறையிடுகிறாள். வேலியில் படர்ந்த கோவைக்கொடியை மணாட்டி என்று அழைக்கிறாள். முல்லைக்கொடியைப் பிராட்டி என்று அழைக்கிறாள். பிராட்டி என்ற சொல் திருமகளுக்கே உரியதாக நம் ஸம்பிரதாயத்தில் வழங்குவது. அதைத் தானே ஒரு பிராட்டியாகிய ஆண்டாள் ஒரு காட்டுக்கொடிக்குக் கொடுத்துவிட்டாள். கோவைப் பழத்தின் சிவப்பு அவன் திருவதரத்தை நினைப்பூட்டி உயிரை வாங்குகிறது என்பது அவள் வழக்கு. அவளுக்கு இவை களைகளாகத் தோன்றவில்லை. ஒவ்வொன்றும் அவனுடைய ஏதோ ஓர் அடையாளத்தை வைத்துக்கொண்டு, கொடுக்க மறுக்கிற உறவுக்காரியாகத் தோன்றுகிறது. இந்தத் திருமொழிகளைப் பாராயணம் செய்துவிட்டு, மறுநாள் காலையில் வேலியோரத்துக் கோவையை அரிவாளால் அரிந்து தள்ளுவது எப்படிப் பொருந்தும் என்பதை அவரவர் எண்ணிப் பார்க்கவேண்டும்.

விஷ்ணுகிராந்தியின் கதை இன்னும் அழகானது. மணற்பாங்கான புல்வெளியிலும் சரளை நிலத்திலும் தரையோடு ஒட்டிக் கிடக்கும் பட்டுப்போன்ற இலைச்செடி, இலையிடுக்கில் ஒரு மிளகளவு மொட்டு, காலையில் விரிந்தால் வானத்தைக் கிள்ளி வைத்ததுபோன்ற நீலப் பூ, பிற்பகலில் சுருங்கிவிடும். குனிந்து பாராதவர் கண்ணுக்கு அது இல்லை. விஷ்ணுக்ராந்தா என்பது அதன் வடமொழிப் பெயர். விஷ்ணுவால் அடியிடப்பெற்றது என்பது பொருள். உலகளந்த பெருமான் மண்ணை அளந்தபோது அவன் திருவடி படாத இடம் எது? வஸிஷ்டர் என்றும் சண்டாளர் என்றும் வாசி பாராமல் எல்லார் தலையிலும் திருவடியை வைத்தான் என்று பூர்வாசாரியர்கள் ஈடுபடுவர். கேட்டவர் தலையிலும் வைத்தான், கேளாதவர் தலையிலும் வைத்தான். உறங்குகிறவன் தலையிலும் வைத்தான். புல்லும் பூண்டும் அந்தக் கணக்கில் விட்டுப்போகவில்லை. ஓங்கி வளர்ந்த தேக்கும் சந்தனமும் இருக்க, அந்த அடிவைப்பின் பெயரை உலகம் கொடுத்தது மிதிபடுகிற இந்தச் செடிக்குத்தான். திருக்கோவலூரில் திருவிக்கிரமனைச் சேவித்து வருகிறவர்கள், வழியில் புல்தரையில் இந்த நீலத்தைக் கண்டால் காலை விலக்கி வைப்பது தகும்.

மலைநாட்டுத் திருப்பதிகளைச் சேவிக்கப் போனவர்கள் அங்கே ஒரு வழக்கத்தைக் கண்டிருக்கலாம். நம் ஆடி மாதம் அவர்களுக்குக் கர்க்கடகம். விடாமல் மழை பெய்யும் அம்மாதத்தில் வீடுதோறும் விளக்கேற்றி எழுத்தச்சனின் ராமாயணத்தை வாசிப்பார்கள். அதே மாதத்தில் தசபுஷ்பம் என்று பத்துச் செடிகளைப் பறித்து வந்து, திருமகளை வரவேற்கும் முகமாக விளக்கின்முன் வைப்பதும், பெண்கள் தலையில் சூடுவதும் உண்டு. பத்துப் பூ என்றதும் செண்பகமும் தாழையும் என்று எண்ணவேண்டா. அறுகு, விஷ்ணுகிராந்தி, கரிசலாங்கண்ணி, பூவாங்குறுந்தல், முயற்செவி, சிறுபூளை, முடக்கத்தானாகிய உழிஞை, திருதாளி, நிலப்பனை, முக்குற்றி: இவையே அந்தப் பத்து. இவற்றில் ஒன்றாவது பூக்கடையில் கூறு வைத்து விற்கப்படுவதில்லை. எல்லாம் வரப்பிலும் வாசலோரத்திலும் தாமே முளைப்பவை. மழைக்காலத்து வறுமையில், கையில் காசில்லாத வீட்டுக்கும் பூ உண்டு என்று யாரோ ஒரு பெரியவர் எண்ணி வகுத்த ஏற்பாடாகவே இது தோன்றுகிறது. நம் கொங்கு நாட்டிலும் தைப்பொங்கலுக்கு முன்னாள் சிறுபூளையையும் ஆவாரம்பூவையும் வேப்பிலையோடு சேர்த்துக் கட்டிக் கூரையில் காப்பாகச் செருகுகிறார்கள்.

இப்படியெல்லாம் சொன்னதைக் கொண்டு, களையென்று எதையும் தொடாமல் கொல்லையைக் காடாக விட்டுவிட வேண்டும் என்று கொள்ளலாகாது. பட்டர் காட்டிய நியாயமே இங்கும் அளவுகோல். சாஸ்திரம் விலக்கியது அடியவன் கை நோகக்கூடாது என்பதற்காக. ஆகவே, பிறரை நோகச் செய்வது எதுவோ அதை விலக்குக. நோகச் செய்யாததை இருக்கவிடுக.

இதன்படி பார்த்தால் பார்த்தீனியம் என்னும் விஷப்பூண்டுக்கு வீட்டில் இடமில்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து, 1950களின் நடுவில் புணே நகரில் கண்டறியப்பட்டு, பிறகு நாடெங்கும் பரவிய செடி அது. தொட்டவர் தோலில் தடிப்பும் அரிப்பும், அதன் துகளை முகர்ந்தவர்க்கு மூச்சிரைப்பும் உண்டாகும். பூப்பதற்கு முன்பே, கைக்கு உறையிட்டுக்கொண்டு வேரோடு பிடுங்கிவிட வேண்டும். உண்ணிச்செடியும் அழகாகவே பூக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரத் தோட்டத்துக்கு அழகுச் செடியாகவே கொண்டுவரப்பட்டது. இன்றோ மலைக்காடுகளில் புகுந்து வேறொன்றை முளைக்கவிடாமல் அடைத்துக்கொண்டிருக்கிறது. நெருஞ்சியின் பூ பொன்னிறம். கதிரவனை நோக்கித் திரும்பும் அதன் இயல்பைச் சங்கச் சான்றோர் பாடியிருக்கிறார்கள். ஆயினும் குழந்தைகள் வெறுங்காலோடு ஓடும் முற்றத்தில் அது முள்ளாகக் காயவிடலாகாது. செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர். ஆனால் அதன் கிழங்கு கொடிய நஞ்சு. ஊமத்தையும் அப்படியே. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இவ்விரண்டையும் விரும்பி வளர்ப்பது அறிவுடைமை ஆகாது.

வெளிநாட்டுச் செடி என்ற ஒன்றினாலேயே எதுவும் விலக்கத்தக்கது ஆகிவிடாது என்பதையும் சொல்லவேண்டும். இன்று பெருமாள் திருமேனியில் மாலையாய்க் கிடக்கும் சம்பங்கியும் செண்டுமல்லியும் மெக்ஸிகோ நாட்டுச் செடிகள்தாம். கடல் கடந்து வந்தவை தோளில் ஏறிவிட்டன. வாசலில் முளைத்தவை குப்பையில் கிடக்கின்றன. இதை வேடிக்கை என்று சொல்வதா, வருத்தம் என்று சொல்வதா?

வளர்க்கும் முறை மிக எளிது. வளர்ப்பது என்று சொல்வதே மிகை. கெடுக்காமல் இருந்தால் போதும். கொல்லையின் ஒரு மூலையில் நல்ல வெயில் படும் இடமாக நாலு முழம் நிலத்தைத் தனியே விட்டுவிட வேண்டும். எரு வேண்டா, எரு இட்டால் புல் மண்டிச் சிறுபூண்டுகளை அமுக்கிவிடும். ஐப்பசியில் மழை விழுந்ததும் முளைப்பவற்றை உடனே பிடுங்கலாகாது. நாலைந்து இலை விட்டு, இன்ன செடி என்று முகம் தெரியும்வரை பொறுக்கவேண்டும். அதன்பின் வேண்டாததை ஒவ்வொன்றாகக் கையால் எடுக்கலாம், மண்வெட்டி வேண்டா. தும்பை காய்ந்தபின் அதன் கணுக்களில் உள்ள உருண்டைக் கொத்துகளை மூலையெங்கும் உதறிவிட்டால் அடுத்த மழைக்குத் தானே வரும். விஷ்ணுகிராந்திக்கு நீர் தேங்காத சரளை மண்ணே உகப்பு. ஆணிவேர் ஆழமாகப் போவதால், பெயர்த்து நடுவதானால் இளஞ்செடியாக இருக்கும்போதே மண்கட்டியோடு எடுக்கவேண்டும். கருவிளை விதையின் தோல் கடினம். ஓரிரவு நீரில் ஊறவைத்து ஊன்றினால் விரைவில் முளைக்கும். அவரை இனத்துக் கொடியாகையால், வேர் முண்டுகளில் காற்றின் சத்தைச் சேர்த்து நிலத்தையும் வளப்படுத்தும். அதே இனத்தைச் சேர்ந்த கொழுஞ்சியை உழவர்கள் தழையுரமாக வயலில் மிதித்து நெல்லுக்கு ஊட்டுவதை நாடறியும். முடக்கத்தானின் பலூன் போன்ற காயைப் பிரித்தால் கருவிதை மூன்று இருக்கும். ஒவ்வொன்றிலும் இதய வடிவில் ஒரு வெள்ளைப் பொட்டு. குழந்தைகளுக்குக் காட்டினால் அதன்பின் அந்தக் கொடியை யாரும் அறுக்க விடமாட்டார்கள்.

மாடி வீட்டில் குடியிருப்போர்க்குக் கொல்லை ஏது என்று கேட்கலாம். துளசித் தொட்டியே போதும். அதில் திருத்துழாயின் காலடியில் தானே முளைக்கிற ஒரு தும்பையை இருக்கவிட்டால் துளசிக்கு ஒரு குறையும் வந்துவிடாது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களை வரிசைப்படுத்தும்போது தும்பையையும் துழாயையும் அடுத்தடுத்தே வைத்தார். துழாயும் முதலில் காட்டில் தானே முளைத்ததுதானே? உழுது விதைத்து வந்ததன்று. காற்றில் விதை உதிர்ந்து கல்லிடுக்கிலும் முளைக்கிற செடி. திருவடி ஸம்பந்தத்தாலே மாடம் ஏறியது.

ஒரு மழைக்காலம் அந்த மூலையை விட்டுவைத்தவர்கள் இன்னொன்றையும் காண்பார்கள். தும்பை பூத்தால் தேனீ வரும். பூவாங்குறுந்தல் பூத்தால் சிறு வண்ணத்துப்பூச்சிகள் வரும். எருக்கின் இலையைத் தின்று வளர்வது வெந்தய வரியன் என்னும் ஆரஞ்சு நிறத்து வண்ணத்துப்பூச்சியின் புழு. மழை விட்ட காலையில் செந்நிறப் பட்டுப்பூச்சிகள் மண்ணில் ஊரும். ஆண்டாள் திருமாலிருஞ்சோலைத் திருமொழியைத் தொடங்குவதே, செந்தூரம் இறைத்ததுபோல் மலையெங்கும் பரந்த இந்திரகோபப் பூச்சிகளைக் கொண்டுதான். பாசுரத்துக்கு அரும்பதவுரை தேடி அலையும் மாணவர்களுக்கு, கருவிளை இது, கோவை இது, இந்திரகோபம் இது என்று விரலால் சுட்டிக்காட்ட ஒரு நாலு முழ நிலம் வீட்டில் இருப்பது சிறிய பேறன்று.

கோயிலுக்கு இவற்றைக் கொண்டுபோகலாமா என்ற ஐயம் எழும். கோயில் திருவாராதனம் பாஞ்சராத்ரமோ வைகானஸமோ அந்தந்த ஆகமத்துக்கு உட்பட்டது; எந்தப் பூ எப்போது என்பதை அர்ச்சகர்களும் கைங்கர்யபரர்களும் அறிவார்கள். அங்கே நம் விருப்பத்தை நுழைப்பது அபசாரம். அவரவர் திருமாளிகையிலும் ஆசாரியனையும் பெரியோர்களையும் கேட்டே எதையும் ஸமர்ப்பிக்க வேண்டும். பட்டரும்கூட அந்த விலக்கை நீக்கிவிடவில்லை. அதன் கருத்தையே திறந்து காட்டினார். அந்தக் கருத்தை அறிந்த பிறகு, பறிக்கலாகாது என்பதே ஒரு கைங்கர்யமாகிவிடுகிறது. எம்பெருமானுக்கு உகந்த எட்டு மலர்களை எண்ணிய பெரியோர்கள் அஹிம்ஸையை முதல் மலராக வைத்தார்கள் என்பதும் இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது.

வரும் ஐப்பசியில் மழை இறங்கும். விஷ்ணுகிராந்தி காலையில் மட்டுமே விரிந்திருக்கும் ஆகையால், திருவாராதனத்துக்குத் தீர்த்தம் எடுக்கப் போகிற அந்த நேரமே அதைக் காண்பதற்கும் நேரம். கண்டங்கத்தரி வேலியோரத்தில், ஒருவர் காலும் படாத இடமாகப் பார்த்துப் படர்ந்திருக்கட்டும். பறிக்கவேண்டா, சொம்பைக் கையில் ஏந்தி அவ்வழியே போகும்போது, இதுவும் அந்தப் பொன்னடிக்கு உரியது என்று ஒருமுறை நினைத்துவிட்டுப் போகலாம்.